விசைப்படகுக்கு மெத்தை தைத்த செலவு

எங்கள் வீட்டு ஹாலில் இன்றுவரை சோபா கிடையாது. வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. சோபா வாங்குவதற்காக நான் மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம் எங்கே போனது என்று யாராவது கேட்டால், கடலில் போனது என்று சொல்வேன். மீனவர் வீட்டுப் பெண் ஏதோ துயரத்தில் பேசுகிறாள் என்று நினைத்து உச்சுக் கொட்டுவார்கள். நான் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகு இருக்கிறது. படகுக்குச் சொந்தக்காரரும் அவர்தான், ஓட்டுகிறவரும் அவர்தான். கூட ஆறேழு பேர் போவார்கள். ஒரு தடவை போனால் ஒரு வாரம், மீன் கிடைக்கவில்லை என்றால் பத்து நாள். நான் துறைமுகத்துக்கு எதிரே, கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் பேப்பர் தயார் செய்து கொடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ஒரு நாளைக்கு எத்தனையோ கப்பல்களின் பெயரை டைப் அடிக்கிறேன். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று போனில் விசாரிக்கிறவர்களுக்கு நேவி ஆபீசர் மாதிரி பதில் சொல்வேன். ஆனால் சொந்தப் படகில் கால் வைத்ததில்லை. அவர்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் இல்லை. படகை வாங்க என் நகைகள் ஏறலாம், நான் ஏறக்கூடாது.

எல்லாம் அவருடைய முதுகில்தான் ஆரம்பித்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாது. வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் அவர் முழுசாக வீட்டில் இருப்பார். அந்த வருஷம் இருந்த நாளெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். தேரடிப் பக்கம் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ராத்திரி எதன் மேல் படுப்பீர்கள் என்று கேட்டார். பலகை மேல் என்றார் இவர். பலகைக்குக் கீழே என்ன என்று டாக்டர் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. இவர் நிதானமாகச் சொன்னார், "லைஃப் ஜாக்கெட்டு கீது. அத்துக்குக் கீய இஞ்சினு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இவரைக் கெட்டியான மெத்தையில் படுக்க வைக்க வேண்டும், மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார். வீட்டுக்கு மெத்தை வாங்கினேன். வாங்கி விரித்த அன்று சாயந்தரம்தான் எனக்கு உறைத்தது. இந்த ஆள் வருஷத்தில் பாதிக்கு மேல் படுப்பது என் வீட்டில் இல்லையே. வீட்டு மெத்தை யாருக்கு?

படகிலும் ஒரு மெத்தை போட்டுவிடலாம் என்று சொன்னேன். சிரித்தார். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் அந்தப் பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன்.

மெத்தைக்கு அளவு வேண்டும். தடைக்காலத்தில் படகுகளை அடிப்பாகம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கக் கரையில் ஏற்றி வைப்பார்கள். எங்கள் படகும் மரக்கட்டைகளின் மேல் உயரமாக நின்றுகொண்டிருந்தது. நான் நேரில் பார்க்க வேண்டும் என்றேன். பெண்கள் ஏறுவதில்லையே என்று அவர் தயங்கினார். ரெண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு தீர்ப்பு சொன்னார். தண்ணீரில் இருந்தால்தான் அது படகாம். கரையில் இருக்கும்வரை அது வெறும் மரமாம். மரத்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். சட்டம் படித்திருக்க வேண்டிய மனுஷன்.

ஏணி வைத்து ஏறினேன். கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம் கழித்து என் புருஷன் எங்கே தூங்குகிறார் என்று பார்க்கப் போகிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன கேபின். சுவரை ஒட்டி 'ட' எழுத்து மாதிரி பெட்டி வைத்து, மேலே பலகை மூடியிருந்தது. டீசலும் மீனும் பழைய வியர்வையும் கலந்த வாடை. பலகை மேல் டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் நாலாக மடித்த ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். விரித்துப் பார்த்தேன். எங்கள் வார்டில் ஏதோ பொறுப்பில் இருந்த ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அவர் கன்னம் இருந்த இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரர் தலை வைக்கும் இடம் அது.

பேனரைப் பழையபடி மடித்து வைத்தேன். இறங்கி வந்தபின் சீட்டுப் பணத்தை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆபீசில் முதலாளியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, உல்லாசப் படகுகளுக்கு உள்ளே சீட்டு, மெத்தை எல்லாம் செய்கிற ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். அந்த மனிதர் காரில் வந்து இறங்கினார். வெள்ளை ஷூ போட்டிருந்தார். காசிமேட்டில் வெள்ளை ஷூவோடு வந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். படகைப் பார்த்து, "இதுதானா மேடம்?" என்று கேட்டார். இதுதான் என்றேன். நாகரிகமான மனிதர், முகத்தில் எதுவும் காட்டாமல் ஏறி, சிவப்பு வெளிச்சம் அடிக்கும் ஒரு கருவியால் கேபினை அளந்தார். கடலுக்கென்றே தயாரிக்கும் ஃபோம், உப்புக் காற்றுக்கு வெளுக்காத துணி, துருப்பிடிக்காத ஜிப், பூஞ்சணம் பிடிக்காத நூல் என்று விளக்கினார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ரெண்டேகால் லட்சம், வரி தனி என்றார்.

இவர் இஞ்சின் பக்கம் கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் போட்டா வேற இஞ்சினே வாங்கிக்கலாமே சார்" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே செய்தாலும் செய்யுங்கள், ஃபோமில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று என்னிடம் சொல்லி, கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஆபீசில் நாங்களும் அப்படித்தானே சொல்வோம்.

அடுத்து ராயபுரத்தில் ஆட்டோவுக்கு சீட்டு தைக்கிற ஒரு பாயிடம் போனேன். பாலத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. வாசலில் எப்போதும் ரெண்டு ஷேர் ஆட்டோக்கள் சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எலும்புக்கூடாக நிற்கும். பாய்க்கு அறுபது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை. படகுக்குத் தைத்திருக்கிறீர்களா என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"போட்டு இன்னா, ஆட்டோ இன்னாம்மா. குந்துற எடம் ஒண்ணுதானே?"

பதினெட்டாயிரம் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. ரெண்டேகால் லட்சத்தைக் கேட்டுவிட்டு வந்தவளுக்குப் பதினெட்டாயிரம் இனாம் மாதிரி இருந்தது. பாய் அதைக் கவனித்துவிட்டார். ஓரத்தில் கயிறு மாதிரி வைத்துத் தைக்கும் பைப்பிங்குக்குத் தனியாக ஆயிரம் என்றார்.

அளவெடுக்க வந்தவர் ஏணியைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பினார். அவரும் வாழ்நாளில் படகில் ஏறியதில்லை. இவர் மேலிருந்து கையைப் பிடிக்க, கீழிருந்து ஒரு ஆள் தாங்க, ஒரு வழியாக ஏறினார். ஏறியபிறகு இறங்க மனசில்லாமல் சாயந்தரம்வரை அங்கேயே இருந்து டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தார்.

செலவு எப்படி வளரும் என்பதைச் சரக்குத் தொழிலில் இருக்கிற நான் அறியாதவள் இல்லை. இருந்தும் ஏமாந்தேன். மெத்தை போடுவதற்காகப் பழைய பலகையைத் தூக்கினால், ஒரு பக்கம் பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. படகு ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் பலகையை மாற்றும்போது பின்னால் போகும் ஒயர் கருகியிருப்பதைக் கண்டுபிடித்தார். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றினார். ஒயர் மாற்றிய சுவர் அசிங்கமாக இருந்தது, பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் புதுசாக இருக்கும்போது கண்ணாடி கீறலாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இவ்வளவு செய்கிறீர்கள், இதை மட்டும் விடுவானேன். எழுபதாயிரத்தைத் தாண்டியபிறகு நான் தனித்தனியாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் மட்டும் இவர் தலையிட்டார். படகில் மெத்தையா என்று சிரித்த மனிதர், பாய் கடையில் ஒரு மணி நேரம் ரெக்சின் புரட்டினார். கல்யாண மண்டபத்து நாற்காலிக்கு வாங்கி மிஞ்சிய மெரூன் ஒன்று இருந்தது. அதில் கட்டம் கட்டமாகத் தைத்து, நடுவில் தங்க நிறப் பட்டன் வைத்து, ஓரத்தில் பொன் கலர் பைப்பிங். கோயம்பேட்டிலிருந்து போகும் சொகுசு பஸ்ஸில் அவர் ஒரு தடவை அப்படிப் பார்த்திருந்தாராம். தூக்கி எடுக்கிற மாதிரி அஞ்சு மெத்தைகள். மெத்தை வழுக்காமல் இருக்க, அடியில் இருக்கும் பலகை ஆடக்கூடாது என்று பாய் தன் கையாலேயே மூலைக்கு மூலை ஸ்க்ரூ முடுக்கினார்.

முடிந்ததும் பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார். ஏசி எப்போது மாமு, படம் போடுவீங்களா என்று கேட்டார்கள். அந்த வாரத்துக்குள் எங்கள் படகுக்குச் சோபா போட்டு என்று பேர் விழுந்துவிட்டது. இவர் வெளியே சலித்துக்கொண்டார். ஆனால் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான்.

தடைக்காலம் முடிவதற்குள் மீன்வளத் துறையிலிருந்து படகுகளில் பாதுகாப்புச் சாமான் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு வருவார்கள். வந்தவர் வெயிலில் அத்தனை படகுகள் ஏறி இறங்கிக் களைத்திருந்தார். எங்கள் கேபினைப் பார்த்ததும் அவருக்கே ஆச்சரியம். உட்கார்ந்தார். சாய்ந்தார். மோர் குடித்தார். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டார். இவர் மெத்தையைத் தட்டிக் காட்டி, இதற்கு அடியில்தான் என்றார். அவ்வளவு நல்ல மெத்தைக்கு அடியில் ஜாக்கெட் இல்லாமல் போகுமா என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

முதல் நடை ஒரு வாரம். திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றி இல்லை. நன்றாகத் தூங்கினீர்களா என்றுதான். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்ல விஷயம் வந்தது. ஈரக் கைலியோடும் செதில் ஒட்டிய உடம்போடும் அந்த மெரூன் மேல் உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லையாம். மெத்தை மேல் தார்ப்பாயைப் போட்டு வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். தார்ப்பாய் உறுத்தியதால் அதன் மேல் பழைய ஃப்ளெக்ஸை விரித்தார்கள். அந்தப் பிறந்தநாள்காரர் ஒரு மெத்தை உயரம் மேலே போயிருந்தார், மற்றபடி எதுவும் மாறவில்லை. இவர் மட்டும் முதல் ராத்திரி தார்ப்பாய்க்குள் கையை விட்டு ரெக்சினைத் தொட்டுப் பார்த்தாராம்.

அடுத்த நடைக்குத் தார்ப்பாயோடு போனால் வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னபடி அவிழ்த்துவிட்டார்கள். மூணாவது நாள் காற்று திரும்பி, ஒரு அலை கதவு வழியாக உள்ளே வந்துவிட்டுப் போனது. வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை. பாய் போட்டது ஆட்டோ ஸ்பான்ஜு. அஞ்சு மெத்தையும் வயிறு முட்டக் கடலைக் குடித்துவிட்டன.

ஆபீசுக்கு போன் வந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காசிமேடு போனேன். கரையில் கருவாடு காய்கிற வரிசைக்குப் பக்கத்தில் என் மெத்தைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்க ரெண்டு ஆள் தேவைப்பட்டது. ஒன்றின் மேல் நாய் படுத்திருந்தது. அந்த மெத்தையை எந்தக் கூச்சமும் இல்லாமல் அனுபவித்தது அந்த நாய் ஒன்றுதான். நாலு நாள் வெயிலில் போட்டும் கையால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. அதோடு வந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை.

பாயைக் கூட்டிவந்து காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது ஆட்டோக்குப் போடறதும்மா. ஆட்டோ எங்கனா முழுவுமா?"

"போன மழையில உங்க கடையே முழுவிச்சே பாய்."

பாய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே போட நல்ல சரக்கு கொண்டுவந்தால் கூலி இல்லாமல் மாற்றித் தருகிறேன் என்றார். அதுவரை நான் கேட்ட வார்த்தைகளில் அதுதான் மலிவானது.

வெள்ளை ஷூக்காரரின் கார்டை எடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்காமல் அவரிடமே போன் பண்ணுவது கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் உறிஞ்சாத ஃபோமைத் தான் வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் எங்களுக்குக் கட்டாது என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு, வெளிநாட்டு மெஷின்கள் கண்டெய்னரில் வரும்போது அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளையாகக் கெட்டி நுரைத் தகடு வைத்து அனுப்புவார்களே, அதுவும் தண்ணீர் குடிக்காது, அதில் நாலஞ்சு அடுக்கு ஒட்டிப் பாருங்கள் என்றார். அது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

எண்ணூர் சாலையில் எங்கள் ஆபீஸ் சரக்கு இறக்கும் கிடங்குக்குப் பின்னால் அது மலையாகக் குவிந்து கிடந்தது. வருஷக்கணக்காக அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் கண்டெய்னர் சீல் நம்பர் பார்க்கப் போயிருக்கிறேன். பழைய சாமான்காரர் எடை போட்டு விற்றார். அது எடையே இல்லாத பொருள். குட்டியானை வண்டி வாடகைதான் அதிகம்.

பாய் வார்த்தை தவறவில்லை. வெள்ளைத் தகடுகளை அடுக்கி ஒட்டி, பழைய உறையைத் துவைத்து மாட்டிக் கொடுத்தார். சோடா போட்டு நாலு தடவை அலசியதில் மெரூன் கொஞ்சம் வெளுத்து, தங்கப் பட்டன்களில் பாதி கறுத்துவிட்டது. கல்யாண மண்டபத்துக் களை போனபிறகுதான் ஆட்களுக்குப் பயம் விட்டது. யாரும் தார்ப்பாய் கட்டவில்லை. டாக்டர் கேட்ட கெட்டித்தனமும் அதில் இருந்தது. அந்த நடை முடிந்து வந்தபோது இவர் நேராக நிமிர்ந்து நடந்துவந்தார். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அதற்கு ரெண்டு நடை தள்ளித்தான் அது நடந்தது. இவர் சொல்லியும் கூடப் போன ஆட்கள் சொல்லியும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மீனோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பொழுது விடிந்திருந்தது. எண்ணூருக்கு நேரே வெளியில், ஒரு சின்ன ஃபைபர் படகு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த மாமனாரும் மருமகனும். மருமகன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். மாமனார் தள்ளி மிதந்துகொண்டிருந்தார். கவிழும்போது இஞ்சின் அடித்துத் தோளெலும்பு போயிருந்தது. வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தவர், ஒரு கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் மேலே வைத்திருந்தார். அவர்களுடைய வலை சுற்றிலும் பரந்து கிடந்ததால் விசைப்படகை நெருங்கி ஓட்ட முடியவில்லை. வலை எங்கள் படகின் புரொபெல்லரில் சிக்கினால் எல்லாருக்கும் ஆபத்து.

ஜாக்கெட்டை எடுத்து வீசுங்கள் என்று இவர் சத்தம் போட்டார். ஒரு ஆள் கேபினுக்குள் ஓடி மெத்தையை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தூக்கினார். வரவில்லை. மூலைக்கு மூலை ஸ்க்ரூ. இன்னொருவர் வந்து சேர்ந்து இழுத்தார். பாய் நன்றாகத்தான் முடுக்கியிருந்தார். ஸ்க்ரூடிரைவர் கீழே இஞ்சின் அறையில் இருந்தது.

இவர் ஸ்டியரிங்கை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் பலகையைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் கிடந்த மெத்தையைத் தூக்கி வெளியே வீசினார். அதைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோனது. அடுத்ததைத் தாழ்வாக, தண்ணீரோடு தண்ணீராகச் சறுக்கிவிட்டார். அதுவும் போய்ச் சேரவில்லை. பிறகு அஞ்சும் போய்விட்டது. நாலாவதோ அஞ்சாவதோ பெரியவர் கைக்கு எட்டியது. அவர் அதன் மேல் நெஞ்சை வைத்துச் சாய்ந்துகொண்டார். அது அமுங்கவில்லை. எங்கள் ஆட்களில் நன்றாக நீந்துகிற ஒருவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துப்போய் இருவரையும் ஒவ்வொருவராக இழுத்துவந்தார்.

மேலே தூக்கியபின் பெரியவரைப் படுக்க வைக்கக் கேபினில் மெத்தை இல்லை. எல்லாம் தண்ணீரில் இருந்தது. வெறும் பலகையில் படுக்க வைத்து, கைலிகளைச் சுருட்டித் தோளுக்கு முட்டுக் கொடுத்துக் கரை சேர்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் குளிக்கக்கூடப் போகாமல் இதைச் சொன்னார். எனக்கு அந்தப் பரிசோதகர் மோர் குடித்தது நினைவுக்கு வந்தது. சாய்ந்து உட்கார்ந்து தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. அந்தப் பலகையை ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொல்ல, பரிசோதகருக்கோ இவருக்கோ எனக்கோ ஏன் தோன்றவில்லை? யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் அவரிடமே கத்தினேன்.

"ஜாக்கெட்டு கைல வந்திருந்தா மெத்தயத் தூக்கிப் போட்ருக்க மாட்டேன்மே" என்றார். "மெத்த இல்லாங்காட்டி ஸ்க்ரூவும் இருந்திருக்காது. இன்னா சொல்றதுன்னே தெர்ல."

சாப்பிட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கே திரும்பிப் போனார். இப்போது ஜாக்கெட்டுகள் கேபினுக்கு வெளியே கொக்கியில் தொங்குகின்றன. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு மாசம் கழித்து அந்தப் பெரியவர் மருமகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கழுத்தில் தொட்டிலாகத் தொங்கியது. மருமகன் ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்திருந்தார். காபி கொடுத்தேன். பெரியவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் வீட்டுக்காரர்தான் மழை, டீசல் விலை என்று எதையாவது பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து கடல்ல கீறேன்மா. கடல்ல மெத்த மேல படுத்தது அன்னிக்குதான்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே சிரித்தார், தோள் வலித்து நிறுத்திக்கொண்டார். மெத்தைகளில் ரெண்டு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், என்ன விலை என்று கேட்டார். குப்பையில் எடுத்தது, விலை எல்லாம் கிடையாது என்று சொன்னேன். உள்ளே இருந்த நுரையை மட்டும் கணக்கில் எடுத்தால் அது பொய் இல்லை.

அந்த ரெண்டுக்குப் பதிலாக வேறு தைக்கப் போனபோது மெரூன் தீர்ந்துவிட்டிருந்தது. ஷேர் ஆட்டோவுக்குப் போடும் நீலம்தான் இருந்தது. மூணு மெரூன், ரெண்டு நீலம் என்று எங்கள் கேபின் இப்போது கட்சிக் கொடி மாதிரி இருக்கிறது. சொகுசு பஸ் பார்த்த மனிதருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், வெளியே சொல்வதில்லை.

பாய் கடையில் புதுசாக ஒரு போர்டு வைத்திருக்கிறார். ஆட்டோ, வேன் சீட்டுகளோடு படகு சீட்டும் செய்யப்படும் என்று எழுதி, பக்கத்தில் வாத்து மாதிரி ஒரு படகு படம். பெரியவர் கதை காசிமேடு முழுக்கப் பரவியதில் அவருக்கு நல்ல பெயர். ஸ்க்ரூவைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பலகை மேல் இனிமேல் ஸ்க்ரூ அடிக்காதீர்கள், கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். அது நல்ல யோசனை என்று சொல்லி, கீலுக்குத் தனியாகக் காசு வாங்குகிறார். ரேட்டும் முன்பு மாதிரி இல்லை. அனுபவம் வந்துவிட்டதாம். என் செலவில் வந்த அனுபவம்.

போன வாரம் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது. இன்னொரு படகுக்காரரின் மனைவி. பாய்தான் என் நம்பரைக் கொடுத்தாராம், சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளச் சொன்னாராம். மொத்தம் எவ்வளவு ஆனது, மறைக்காமல் சொல்லுங்கள் அக்கா என்றாள். நான் மறைக்கவில்லை. பலகை, ஒயர், பெயிண்ட், கண்ணாடி, கெட்டுப்போன ஸ்பான்ஜு, வண்டி வாடகை, நீல ரெக்சின் என்று எல்லாம் சேர்த்து, ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது என்று சொன்னேன். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா, மெரூன் நல்லாருக்குமா, நீலம் நல்லாருக்குமா?" என்று கேட்டாள்.

நீலத்தில் அழுக்குத் தெரியாது என்றேன்.